எலி வாடை

மூன்றரை வருடமாக எந்த வாசமும் ஏறாத மூக்கில், கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலையில், குழாயடியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ஏதோ ஒன்று வந்து தொட்டது. அங்கப்பன் பிரஷை வாயில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

பற்பசையின் வாசம் இல்லை அது. கனிந்து அழுகத் தொடங்கிய பலாச்சுளையின் தித்திப்பு போல முதலில் இருந்தது. அதற்கு அடியில், நனைந்த துணியைக் காயாமல் சுருட்டி வைத்தால் வரும் புழுக்கம். அதற்கும் அடியில், துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்தால் வருமே, அந்த மாதிரி ஒரு துவர்ப்பு. இழுத்து மோந்தார். போய்விட்டது. இன்னொரு தடவை மோந்தார். இருந்தது.

மூக்கு திரும்பி வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். கண்ணில் நீர் கூட வந்தது. வாயைக் கொப்பளித்ததும் கொப்பளிக்காததுமாக அடுப்படிக்குள் ஓடிக் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகத்தை உள்ளே விட்டார். ஒன்றுமில்லை. பெருங்காயம். ஒன்றுமில்லை. சாமி மாடத்துக் கற்பூரத்தை விரலால் நசுக்கி மூக்குக்குள் வைத்துக்கொண்டார். எரிந்தது. வாசம் இல்லை.

"என்னங்க, காலங்காத்தால டப்பா டப்பாவா மோந்துட்டுத் திரியறீங்க?" மாசாணியம்மாள் தோசைக்கல்லில் எண்ணெய் தடவியபடி திரும்பிப் பார்த்தாள். "என்ற சமையலுக்கும் கிரேடு போடப் போறீங்களாக்கும்."

"ஏதோ வாடை அடிக்குதா புள்ள?"

அவள் சிரித்தாள். "நல்லாக் கேட்டீங்க. உங்க மூக்குக்குத் தெரியாதது எனக்கா தெரியப்போகுது?"

முப்பது வருடம் கூடவே வாழ்ந்தவளுக்கும் அவர் மூக்கு போனது தெரியாது.

கொரோனா இரண்டாவது அலைக் காய்ச்சலில் போன மூக்கு. எல்லோருக்கும் பத்து நாளில், ஒரு மாதத்தில் திரும்பியது. அவருக்குத் திரும்பவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கப்பனுக்கு அந்த மூக்கைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. அவருடைய அப்பா தென்னந்தோப்புகளில் கூலிக்குக் காய் பொறுக்கியவர். தோப்புக்காரம்மா எட்ட நின்று, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் அவருக்குச் சோறு வைப்பார். அப்படிப்பட்டவரின் மகனை, உடுமலையிலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இருக்கும் எண்ணெய் ஆலையில், முதலாளி எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தது இந்த மூக்குதான். லோடு வந்து நின்றால் யாரும் சாக்கை இறக்கமாட்டார்கள். அங்கப்பன் வந்து, ஒரு கொப்பரையை உடைத்து, மூக்கருகே பிடித்து, கண்ணை மூடித் திறக்க வேண்டும். கந்தகப் புகை போட்டு வெளுக்க வைத்ததா, வெயிலில் காய்ந்ததா, மழை பட்டுப் பூசணம் கண்டதா, ஆட்டினால் எண்ணெயில் சிக்கு வாடை வருமா, எல்லாம் அந்த ஒரு மூச்சில். அவர் தலையசைத்த பிறகுதான் எடைபோடுவார்கள்.

மூக்கு போனபின் அவர் முகம் பார்க்கக் கற்றுக்கொண்டார். சாக்கைப் பிரிக்கும் காளிச்சாமியின் முகம் ஒன்று போதும். மூக்கின் பக்கத்தில் சின்னதாக ஒரு சுருக்கம் விழுந்தால் சிக்கு. கண் படபடத்தால் கந்தகம். அதன்பிறகு தன் கொப்பரையை மோந்து, கண்ணை மூடித் திறந்து, தெரிந்தவர் போலச் சொல்வார். மூன்றரை வருடத்தில் இரண்டு தடவைதான் தப்பியது.

மூன்றாவது தப்பு ஆலையில் நடக்கவில்லை.

அங்கப்பன் குடியிருப்பது ஒரே வரிசையாக நான்கு வீடுகள் உள்ள காம்பவுண்டில். மூன்றாவது வீட்டில் கண்ணையா என்றொருவர் தனியாக இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனைவி இல்லை, மகன் பெங்களூரில். கேட்டைத் திறந்து யார் வந்தாலும் "டிக்கெட் எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். சர்க்கரை வியாதிக்காரர், இடது காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டு போட்டிருந்தார். தீபாவளிக்கு மகனிடம் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்ததைப் பார்த்து, கிளம்பிவிட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நான்காவது வீட்டில் தையல் வேலை செய்யும் ஜாஹிதாதான் முதலில் கேட்டாள். கண்ணையாவின் கதவுக்கு நேரே நின்று, முக்காட்டை மூக்கில் அழுத்திக்கொண்டு, "ஏனுங்ணா, இங்க ஏதோ வாடை வருதுங்களே, உங்களுக்குத் தெரியாததா, என்னன்னு பாருங்க," என்றாள். மாசாணியம்மாளும் வந்து நின்றாள்.

இரண்டு பெண்கள் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். அங்கப்பன் அவர்கள் முகத்தைப் பார்த்தார். அருவருப்பு இருந்தது, பயம் இல்லை. கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார்.

"எலிதானுங்க. ஓட்டுக்குள்ள எங்கியோ செத்துருக்கு. ரெண்டு நாள்ல போயிரும்."

சொன்னது அங்கப்பன். அதனால் அது எலியாகிவிட்டது. ஜாஹிதா வாசலில் பினாயில் தெளித்தாள். அதற்கும் மூன்றாம் நாள் ஜன்னல் இடுக்கில் ஈ மொய்ப்பதைப் பார்த்து அவள் கத்தினாள். அங்கப்பன்தான் தோளால் இடித்துக் கதவை உடைத்து முதலில் உள்ளே போனார்.

கண்ணையா தரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. காலில் கட்டு இல்லை. கால் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அங்கப்பன் குனிந்து அவர் கழுத்தில் விரல் வைத்தார்.

சூடாக இருந்தது.

விரலை எடுத்தார். இன்னொரு தடவை வைத்துப் பார்க்கவில்லை. வாசலில் நிழல்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. அவர் திரும்பி, "போயி ரெண்டு நாளாச்சுங்க. யாரும் உள்ள வராதீங்க," என்றார். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேலானது.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. உங்க மூக்கையே ஏமாத்திருச்சே என்று ஜாஹிதா அவருக்காக வருத்தப்பட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. யாராவது திட்டியிருந்தால் தலைகுனிந்து நின்றிருக்கலாம். பாராட்டுகிறவர்கள் முன்னால் எப்படித் தலைகுனிவது?

அது நடந்து நாற்பது நாளாகிறது. இப்போது இந்த வாடை.

திங்கட்கிழமை அது ஆலைக்கும் வந்தது. காளிச்சாமி சாக்கைப் பிரித்தான். அவன் முகம் தெளிவாக இருந்தது, நல்ல சரக்கு. அங்கப்பன் கொப்பரையை உடைத்தார், டப்பென்று சுத்தமாக உடைந்தது, வெள்ளைப் பருப்பை வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோனார். தித்திப்பு. புழுக்கம். துரு. கொப்பரையைக் கீழே போட்டார்.

"வேண்டாம். திருப்பி அனுப்பு."

"ஏனுங்ணா, நல்லாத்தான இருக்குது?"

"அனுப்புன்னா அனுப்பு."

காளிச்சாமி அந்தத் துண்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் கடித்துத் தின்றான். அவன் மெல்வதை அங்கப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

அன்றிலிருந்து மூன்று லோடு திரும்பிப் போயிற்று. முதலாளி ஒன்றும் கேட்கவில்லை, அங்கப்பன் சொன்னால் சரியாக இருக்கும் என்றார். வீட்டில் அவர் ஓட்டைப் பிரித்துப் பார்த்தார், சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தார், பீரோவை நகர்த்தினார். ஒரு நாளைக்கு நான்கு தடவை குளித்தார். சோறு இறங்கவில்லை. வாடை அதிகமாகும்போதெல்லாம் காரணமில்லாமல் அழுகை முட்டியது. குறையும்போது ஒரு வெறுமை. தன் மனம் தன்னிடம் இல்லை, மூக்கின் வழியே வேறு யாரோ அதைப் பிடித்து ஆட்டுகிறார்கள் என்று தோன்றியது. சின்ன வயதில் நெல் அவிக்கும் வாசம் வந்தால் அம்மா ஞாபகம் வரும். இந்த வாடைக்கு எந்த ஞாபகமும் இல்லை. இதை அவர் மோந்ததே கிடையாது. மோந்திருக்க வேண்டிய நாளில் அவருக்கு மூக்கு இல்லை.

அதை நினைத்த கணத்தில்தான் அது என்ன வாடை என்று அவருக்குத் தெரிந்தது.

மூன்றாவது வீட்டின் சாவி அவரிடம்தான் இருந்தது. குடிவருகிறவர்களுக்குக் காட்டச் சொல்லி வீட்டுக்காரர் கொடுத்திருந்தார், யாரும் வரவில்லை. வியாழக்கிழமை மதியம், ஜாஹிதாவின் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தபோது, அங்கப்பன் பூட்டைத் திறந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தரையை மூன்று தடவை கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மகன் வந்து எடுத்துப்போக வேண்டிய சாமான்கள் மூலையில் கட்டிவைத்திருந்தன. வெயில் ஓட்டின் மேல் இறங்கி அறை கொதித்தது. வாடை இங்கே வெளியில் இருந்ததைவிட அதிகமாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. அது இடத்தில் இருப்பதாகவே தெரியவில்லை. மூலைமூலையாகக் குனிந்து மோந்தார். பிறகு முழங்காலிட்டார். பிறகு, ஏன் என்று தெரியாமல், கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்தார்.

ஞாபகம் வந்தது.

அவருடையது இல்லை.

கதவுக்கு அடியில் ஒரு விரல் கனத்துக்கு வெளிச்சம். அதைத் தவிர எல்லாம் மங்கல். நாக்கு மரக்கட்டை. கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கீழே எங்கோ, கால் இருந்த பக்கத்தில், ஏதோ சூடாக ஒழுகிக்கொண்டே இருக்கிறது, வலிக்கவில்லை, அரிக்கிறது. தண்ணீர். யாராவது தண்ணீர். வெளிச்சக் கோட்டில் நிழல்கள் வந்து நிற்கின்றன. ஒன்று. இரண்டு. மூன்றாவதாக ஓர் ஆண் பாதம். ஐயோ, வந்துவிட்டார்கள். வந்துவிட்டார்கள். நெஞ்சு எகிறுகிறது. கத்த வேண்டும். வாய் திறக்கவில்லை. பரவாயில்லை, அவர் மோந்து பார்ப்பார், அவருக்குத் தெரியும், அந்த மூக்குக்குத் தெரியாதது உண்டா.

வெளியே ஒருவர் மூச்சை இழுக்கும் சத்தம்.

"எலிதானுங்க."

நிழல்கள் போய்விட்டன.

அங்கப்பன் எழுந்திருக்கப் பார்த்தார். உடம்பு கேட்கவில்லை. ஞாபகம் இன்னும் முடியவில்லை.

இருட்டு. வெளிச்சம். மறுபடி இருட்டு. ஈ. கண்ணோரத்தில் ஈ. இமைக்க முடியவில்லை. பிறகு இடி. கதவு. வெள்ளையாக வெளிச்சம். மேலே ஒரு முகம் குனிகிறது. தெரிந்த முகம். மீசையில் வியர்வை. கழுத்தில் விரல். ஆமாம். இங்கேதான். இருக்கிறேன். பாருங்க. கண்ணைப் பாருங்க.

அந்த முகம் கண்ணைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பியது.

"போயி ரெண்டு நாளாச்சுங்க."

தையல் மெஷின் நின்றது. அங்கப்பன் தரையில் குப்புறக் கிடந்தார். மூத்திரம் போயிருந்தது. தன் குரலை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக வெளியிலிருந்து கேட்டிருந்தார். எவ்வளவு நிதானமான குரல். எவ்வளவு மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை மாலை கண்ணையாவின் மகன் சசிதர் சாமான்களை எடுக்க டெம்போவோடு வந்தான். கட்டில், மின்விசிறி, இரண்டு டிரங்குப் பெட்டி. ஏற்றி முடித்துவிட்டு அங்கப்பன் வீட்டுக்குள் வந்து பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். முப்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. மாசாணியம்மாள் டீ கொடுத்தாள்.

"அன்னைக்கு உங்ககிட்டப் பேசக்கூட முடியலீங்ணா. கதவ ஒடச்சு நீங்கதான் உள்ள போனீங்களாம். எங்க சொந்தக்காரங்களே பக்கத்துல வரலீங்க."

அங்கப்பன் தரையைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன்." டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அப்பா சிரமப்பட்டாருங்களா? பட்டுனு போயிருச்சா? எனக்குத் தூக்கமே இல்லீங்ணா. அந்த வாரம் ரெண்டு தடவ போன் பண்ணுனேன், எடுக்கல, மழைக்கு லைன் கிடைக்கலேன்னு விட்டுட்டேன். நான் விட்டதாலதான்னு..." மேலே பேச முடியவில்லை.

தன் பங்கை இந்தப் பையன் சுமந்துகொண்டு திரிகிறான் என்பது அங்கப்பனுக்கு உறைத்தது. சொல்லிவிட வேண்டும். மூக்கு போனதை. எலி என்றதை. கழுத்தின் சூட்டை. நாற்காலி போகும், பேர் போகும், போகட்டும். இவன் தூங்கட்டும். ஒரு வாரத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி," என்றார். "எனக்கு..."

சசிதரின் மூக்கின் பக்கத்தில் சின்னதாக ஒரு சுருக்கம் விழுந்தது.

அங்கப்பன் நிறுத்தினார். மூன்றரை வருடம் அவர் முகங்களைப் படித்தே பிழைத்தவர். சசிதர் மரியாதைக்காக முகத்தைத் திருப்பாமல் மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான். கதவோரம் நின்ற மாசாணியம்மாளின் கை, அவளுக்கே தெரியாமல், முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தது. உடனே கூசிப்போய் இறக்கினாள்.

"கொப்பரை வேலைங்க தம்பி," என்று அவள் அவசரமாகச் சிரித்தாள். "சட்டையெல்லாம் வாடை ஏறிக்கும். ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

"ச்சே, அதெல்லாம் இல்லீங்க."

அங்கப்பன் வாயை மூடினார். பையனின் முகம் தளர்ந்தது. மூச்சு விட்டான்.

மறுபடி உதட்டைப் பிரித்தார். ஒரு நூல் அளவுதான். சுருக்கம் விழுந்தது. மூடினார். போயிற்று.

ஓட்டில் இல்லை. சாக்கடையில் இல்லை. மூன்றாவது வீட்டில் இல்லை.

சசிதர் காத்துக்கொண்டிருந்தான். அவன் கண் நிறைந்து நின்றது. "சிரமப்பட்டாருங்களா?"

சொல்ல வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். முழுசாக. அவர்கள் இரண்டு பேர் முன்னால், அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்க, ஒவ்வொரு வார்த்தையாக. அங்கப்பனுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தலை மட்டும் அசைந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். இல்லை.

சசிதர் உடைந்து அழுதான். நாற்காலியை விட்டு இறங்கி, அங்கப்பன் தடுப்பதற்குள், அவர் இரண்டு பாதங்களையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "நீங்க நல்லா இருக்கோணும்ணா," என்றான். டெம்போ கிளம்பிப் போனது.

"பாவம், மனசு ஆறிப் போறான்," என்றாள் மாசாணியம்மாள். "நல்ல பதில் சொன்னீங்க. மூஞ்சியக் கழுவிட்டு வாங்க, சூடா சந்தகை பிழியறேன். நாலு நாளா நீங்க ஒழுங்கா ஒரு வாய் திங்கல." அடுப்படிக்குள் போனாள்.

அங்கப்பன் நாற்காலியிலேயே இருந்தார். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தது. மேற்கே மலைப்பக்கம் இறங்கும் வெயில் அதன் வழியாக வந்து தரையில் சதுரமாக விழுந்து கிடந்தது. அந்தச் சதுரத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டானது. ஐந்தானது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

வலையின் வெளிப்பக்கம் ஈக்கள் உட்கார்ந்திருந்தன. ரீங்காரம் இல்லை. பறக்கவில்லை. ஒவ்வொன்றாக வந்து, இடம் பார்த்து, அமர்ந்தன. அடுப்படி ஜன்னல் திறந்தே இருந்தது. மாவு வாசத்துக்கு அங்கே ஒன்றுகூடப் போகவில்லை. எல்லாம் இங்கே. எல்லாம் இவர் பக்கம் பார்த்து. தரையில் இருந்த வெயில் சதுரம் சுருங்கியது. பாதியானது. கோடானது. அறை இருண்டது.

"வாங்க, ஆறிப்போவுது."

அவர் அசையவில்லை.

"ஏனுங்க, காதுல விழுவுதுங்களா?"

பதில் சொல்ல வேண்டும். சாப்பிட வேண்டும். நாளைக்கு ஆலைக்குப் போய், காளிச்சாமி முன்னால், சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும். அங்கப்பன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாசாணியம்மாள் மூன்றாவது தடவை கூப்பிட்டாள். அவள் காலடிச் சத்தம் அடுப்படியிலிருந்து கிளம்பியது.

மூடிய பற்களின் பின்பக்கம், உள்ளேயிருந்து, ஏதோ ஒன்று ஊர்ந்தது. மெல்ல. சின்னக் கால்களால். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு. இடுக்கு தேடி.